எஸ்எஸ்எச் வழியாகச் சுமைச் சோதனை: முதல் ஸ்கிரிப்டை எழுதுவது எப்படி

யாழ்ப்பாணம், சாவகச்சேரி, சுன்னாகம், பருத்தித்துறை என்று பல இடங்களில் கிளை வைத்திருக்கும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். சரக்கிருப்பைப் பதியும் புரோகிராம் கொழும்பில் ஒரு லினக்ஸ் சேர்வரில் ஓடுகிறது. பழைய வகை எழுத்துத் திரை அது. மெனு வரும், இலக்கத்தை அழுத்தினால் அடுத்த திரை வரும். காலையில் கடை திறந்ததும் எல்லாக் கிளை எழுதுவினைஞர்களும் எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் இணைப்பு முறை) மூலம் உள்ளே வருகிறார்கள். இப்போது இருபது பேர். அறுபது பேர் வந்தால் தாங்குமா?

இதை அறிவதுதான் சுமைச் சோதனை. அதற்கு, அறுபது பேர் செய்வதைத் தானே செய்யும் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு, வேண்டும். அதை எழுதி ஓடவிடுவது பெரிய காரியமில்லை. அது தரும் எண் எதை அளந்தது என்று தெரிந்திருப்பதுதான் முழு வேலையும். கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் அந்தக் கேள்வியைக் கையில் வைத்திருங்கள்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: அனுமதியும் இடமும்

சேர்வரின் பொறுப்பாளரிடம் நாள், நேரம், எத்தனை இணைப்பு என்பதை எழுத்தில் சொல்லி அனுமதி வாங்குங்கள். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அனுமதியில்லாமல் பிறருடைய சேர்வரில் நுழைந்து பார்ப்பது விளையாட்டல்ல. முடிந்தால் உண்மையான சேர்வரைத் தொடாமல், அதே அளவில் ஒரு நகலை அமைத்துச் சோதியுங்கள்.

அடுத்தது, ஸ்கிரிப்டை எங்கிருந்து ஓட்டுவது? யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். ஆகவே போய்வர மிகக் குறைந்தது 4 மில்லிசெக்கன். நிஜத்தில் இதைவிடக் கூடும், கைபேசி இணைப்பென்றால் இன்னும் கூடும், நிமிடத்துக்கு நிமிடம் மாறவும் செய்யும். எஸ்எஸ்எச் லொகின் ஒன்றுக்குப் பல தடவை போய்வர வேண்டியிருப்பதால் இந்தத் தாமதம் பெருகும். அறுபது இணைப்பையும் வீட்டிலிருந்து ஓட்டினால் சேர்வரை அளக்கிறீர்களா, உங்கள் இணைய இணைப்பை அளக்கிறீர்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எனவே சுமையைச் சேர்வருக்குப் பக்கத்திலுள்ள ஒரு கணினியிலிருந்து கொடுங்கள். அதே நேரத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு மூன்று இணைப்பை மட்டும் தனியாக ஓட்டுங்கள். முதலாவது சேர்வரின் கதையைச் சொல்லும். இரண்டாவது சுன்னாகத்தில் இருக்கும் எழுதுவினைஞர் என்ன உணர்வார் என்று சொல்லும். தூரத்திலிருந்து அந்தக் கணினியை இயக்கும்போது டிமக்ஸுக்குள் (நீங்கள் விலகினாலும் வேலையைத் தொடரவிடும் கருவி) ஓட்டினால், இடையில் உங்கள் பக்கத்தில் கரண்ட் போனாலும் சோதனை நிற்காது.

படி 2: சாவி

ஸ்கிரிப்டுக்குள் கடவுச்சொல்லை எழுதவே கூடாது. கடவுச்சொல்லை எஸ்எஸ்எச்சுக்கு ஊட்டும் எஸ்எஸ்எச்பாஸ் கட்டளையில் நேரடியாகக் கொடுப்பதும் வேண்டாம், இயங்கும் புரோகிராம்களின் பட்டியலில் அது மற்றவர் கண்ணில் படலாம். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாத்து இலோனென் எஸ்எஸ்எச்சை உருவாக்கியதே, அங்கு நெட்வேர்க்கில் ஒளிந்திருந்து கடவுச்சொற்களைத் திருடிய சம்பவத்துக்குப் பிறகுதான்.

எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையால் ஈடி25519 வகைச் சாவியொன்றை இந்தச் சோதனைக்கென்றே உருவாக்குங்கள். இரண்டு கோப்பு வரும்: உங்களிடமே இருக்கும் இரகசியச் சாவி, சேர்வருக்குக் கொடுக்கும் பொதுச் சாவி. இரகசியச் சாவிக்கு ஒரு இரகசியத் தொடர் வைத்து, திறந்த சாவியை நினைவில் வைத்திருக்கும் எஸ்எஸ்எச்-ஏஜென்டில் ஒருமுறை ஏற்றிவிட்டால் போதும். பொதுச் சாவியைச் சோதனைக் கணக்கில் எஸ்எஸ்எச்-கொப்பி-ஐடி மூலம் சேருங்கள். அப்புறம் சேர்வரில், அனுமதித்த பொதுச் சாவிகளின் பட்டியலான ஓதரைஸ்ட் கீஸ் கோப்பைத் திறந்து, அந்த வரியின் தொடக்கத்தில் ஃப்ரொம் என்ற கட்டுப்பாட்டை இட்டு, உங்கள் சோதனைக் கணினியின் ஐபி முகவரியை மட்டும் அனுமதியுங்கள். சாவி தவறிப்போனாலும் வேறிடத்திலிருந்து திறக்காது.

முதல் இணைப்பில் சேர்வரின் கைரேகையை (அதன் சாவியை அடையாளம் காட்டும் எழுத்துத் தொடர்) காட்டி ஆம் அல்லது இல்லை என்று கேட்கும். பொறுப்பாளரிடம் கேட்டு ஒப்பிட்ட பிறகே ஆம் சொல்லுங்கள். இந்தச் சரிபார்ப்பை அணைத்துவிடச் சொல்லும் குறுக்குவழிகள் நிறைய உண்டு. செய்யாதீர்கள், போலிச் சேர்வரைக் காட்டிக்கொடுக்கும் காவல் அதுதான்.

படி 3: எக்ஸ்பெக்ட் ஸ்கிரிப்ட்

மெனுத் திரையோடு பேச எக்ஸ்பெக்ட் என்ற கருவி 1990இலிருந்தே இருக்கிறது. டொன் லிப்ஸ் எழுதியது, டிசிஎல் மொழியில் அமைந்தது. மூன்று கட்டளை தெரிந்தால் தொடங்கலாம். ஸ்பான் எஸ்எஸ்எச்சைத் தொடக்கும். எக்ஸ்பெக்ட் திரையில் ஒரு சொல் வரும்வரை காத்திருக்கும். சென்ட் விசைகளை அனுப்பும்.

முதலில் கையால் ஒருமுறை முழு வேலையையும் செய்து, ஒவ்வொரு திரையிலும் கடைசியாக வரும் நிலையான சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையின் தலைப்பு ஆகாது, தலைப்பு முதலில் வந்துவிடும், பட்டியல் பிறகுதான் நிரம்பும். தலைப்பைப் பார்த்துக் கடிகாரத்தை நிறுத்தினால் புரோகிராம் உண்மையைவிட வேகமாகத் தெரியும்.

எக்ஸ்பெக்டில் இன்னொரு பொறி இருக்கிறது. நீங்கள் அனுப்பும் எழுத்தைச் சேர்வர் திரையில் திருப்பிக் காட்டும். 7 என்று அனுப்பிவிட்டு 7 வருகிறதா என்று காத்திருந்தால், உங்கள் எதிரொலியையே பதில் என்று எடுத்துக்கொள்ளும். பதிலில் மட்டுமே வரக்கூடிய சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

மிக முக்கியமானது டைம்அவுட். எக்ஸ்பெக்ட் இயல்பாக 10 செக்கன் காத்திருக்கும். அதற்குள் சொல் வராவிட்டால் பிழை எதுவும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய்விடும்! சேர்வர் திணறும்போதுதான் இது நடக்கும், அதாவது நீங்கள் அறிய விரும்பிய அதே நேரத்தில். ஆகவே ஒவ்வொரு எக்ஸ்பெக்டிலும் மூன்று கிளை வையுங்கள்: எதிர்பார்த்த சொல், டைம்அவுட், இணைப்பு அறுந்ததைக் குறிக்கும் இஓஎஃப். பின்னிரண்டும் வந்தால் தோல்வி என்று பதிந்துவிட்டு வெளியேற வேண்டும்.

எஸ்எஸ்எச்சுக்கு பேட்ச்மோட் யெஸ் என்ற விருப்பத்தைக் கொடுங்கள். சாவி வேலை செய்யாவிட்டால் கடவுச்சொல் கேட்டு நிற்காமல் உடனே விலகும். கன்ட்ரோல்பாத் நன் என்பதையும் சேருங்கள். இல்லாவிட்டால், உங்கள் அமைப்பில் இணைப்புப் பகிர்வு இருக்கும் பட்சத்தில், இரண்டாவது ஆளின் லொகின் முதலாமவரின் திறந்த இணைப்பிலேயே ஏறிக்கொள்ளும். லொகின் நேரம் அதிசயமாகக் குறையும், ஆனால் பொய். திரையின் வகையைச் சொல்லும் டேர்ம் மாறிக்கு விடி100 என்று கொடுத்து, ஸ்பானுக்கு முன்பு திரையின் அளவை 24 வரி, 80 நிரல் என்று அமைத்துவிட்டால் மெனு குலையாது.

நேரம் எடுக்க, சென்டுக்குச் சற்று முன்பு டிசிஎல்லின் க்ளொக் மில்லிசெக்கன்ட்ஸ் அளவை எடுங்கள், சொல் வந்ததும் மறுபடி எடுங்கள். வித்தியாசத்தை ஆள் இலக்கம், படியின் பெயர் ஆகியவற்றுடன் ஒரு கோப்பில் எழுதுங்கள். லொகினைத் தனிப் படியாகவே அளங்கள், மெனு நேரத்துடன் கலக்க வேண்டாம். ஒரு திரைக்கும் அடுத்ததற்கும் இடையே மனிதர் யோசிக்கும் நேரமாகச் சில செக்கன் ஸ்லீப் வையுங்கள், அது கடிகாரத்துக்கு வெளியே இருக்கட்டும்.

படி 4: ஒருவர், ஐவர், அறுபது பேர்

பேஷில் (லினக்ஸின் கட்டளை மொழி) ஒரு ஃபோர் சுற்று போதும். ஒவ்வொரு சுற்றிலும் எக்ஸ்பெக்ட் ஸ்கிரிப்டைப் பின்னணியில் விட்டு, 2 செக்கன் காத்திருந்து அடுத்ததைத் தொடங்குங்கள். கடைசியில், எல்லாம் முடியும்வரை காத்திருக்கும் வெயிட் கட்டளை. ஒவ்வொரு ஆளுக்கும் தனிக் கோப்பு.

அந்த 2 செக்கனைத் தவிர்க்காதீர்கள். எஸ்எஸ்எச்சின் பரவலான வடிவமான ஓபன்எஸ்எஸ்எச் சேர்வரில் மேக்ஸ்ஸ்டார்ட்அப்ஸ் என்ற எல்லை இயல்பாக 10:30:100. லொகின் முடியாத இணைப்புகள் 10ஐத் தொட்டதும் புதியவற்றில் 30 வீதத்தை எழுந்தமானமாக மறுக்கத் தொடங்கும், 100இல் எல்லாவற்றையும் மறுக்கும். அறுபதையும் ஒரே கணத்தில் அடித்தால் சில விழும், புரோகிராம் படுத்துவிட்டது என்று தோன்றும். உண்மையில் வாசல்தான் மூடியிருக்கிறது. 2024இல் வந்த 9.8 பதிப்பிலிருந்து, திரும்பத் திரும்ப லொகின் தவறும் முகவரியைச் சிறிது நேரம் ஒதுக்கிவைக்கும் வசதியும் இயல்பாகவே உண்டு. உங்கள் அறுபது பேரும் ஒரே முகவரியிலிருந்து வருகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

முதலில் ஒருவர், பிறகு ஐவர், பிறகுதான் முழு எண்ணிக்கை. ஓடும்போது சோதனைக் கணினியில், அதன் சுமையைக் காட்டும் டொப் கட்டளையைத் திறந்து வையுங்கள். அதன் சிபியூ நிரம்பினால் அந்த ஓட்டத்தின் எண்களை விட்டுவிடுங்கள்.

படி 5: எண்களைப் படிப்பது

சராசரியை நம்ப வேண்டாம். அறுபது பேர் ஆளுக்கு 20 தடவை என்றால் ஒரு திரைக்கு 1200 அளவுகள். சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி 600ஆவதையும் 1140ஆவதையும் பாருங்கள். 600ஆவது நடுநிலை, 1140ஆவது 95 வீத எல்லை. இரண்டுக்கும் இடைவெளி பெரிதானால், இருபது தடவைக்கு ஒருமுறையாவது எழுதுவினைஞர் திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறார் என்று அர்த்தம். தோல்விகளைத் தனியாக எண்ணிக் கூடவே எழுதுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஓதரைஸ்ட் கீஸ் கோப்பிலிருந்து சோதனைச் சாவியின் வரியை நீக்கி, சோதனைக் கணக்கை மூடச் சொல்லிப் பொறுப்பாளருக்கு அறிவித்துவிடுங்கள்.