ஏர் ரைபிளுக்கு எத்தனை கிராம் பெல்லட்? சேலத்திலும் ஏற்காட்டிலும் சுடுபவர்களுக்கு

பெல்லட் (ஏர் துப்பாக்கியில் போடும் சிறு குண்டு) வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த பிராண்டு நல்லது?" என்பதைத்தான். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: துப்பாக்கி எத்தனை ஜூல் சக்தி தருகிறது, சுடும் தூரம் எவ்வளவு. இவை தெரிந்தால் எடையைப் பற்றிய குழப்பம் முக்கால்வாசி தீர்ந்துவிடும். மீதியை உங்கள் பேரல்தான் சொல்லும். பக்கத்து லேனில் சுடுபவருக்குப் பத்துக்குப் பத்து தரும் டப்பா, அதே மாடல் ரைபிளில் உங்களுக்கு எட்டு தரலாம்.

இங்கே பேசுவது 4.5 மி.மீ., அதாவது .177 துளை கொண்ட ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் பற்றி மட்டுமே. 10 மீட்டர் போட்டிகளுக்கு இந்த அளவுதான். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, துளை 4.5 மி.மீ.க்கு மேலோ சக்தி 20 ஜூலுக்கு மேலோ போனால் ஏர் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். இந்த 20 ஜூல் கணக்கு பெல்லட் எடையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது என்பதைக் கீழே பார்ப்போம்.

முதலில் வேகத்தை அளங்கள்

பெட்டியில் அச்சிட்ட வேகத்தை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் மிக இலேசான உலோகக் கலவை பெல்லட்டை வைத்து எடுத்த எண். ஈய பெல்லட்டில் அந்த வேகம் வராது. கிளப்பில் வேகமானி இருந்தால் பத்து ஷாட் சுட்டுச் சராசரி எடுங்கள். இல்லாவிட்டால், சுடும் சத்தத்துக்கும் பலகையில் படும் சத்தத்துக்கும் இடையிலான நேரத்தை வைத்துக் கணக்கிடும் செல்போன் செயலிகள் இருக்கின்றன. துல்லியம் சற்றுக் குறைவுதான், ஆனால் எடையை முடிவு செய்ய அது போதும்.

கணக்கு எளிது. பெல்லட் எடையைக் கிலோகிராமில் எழுதி, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி வந்ததை அதோடு பெருக்கி, இரண்டால் வகுத்தால் ஜூல். 0.53 கிராம் பெல்லட் வினாடிக்கு 170 மீட்டரில் போனால் 7.66 ஜூல். 10 மீட்டர் போட்டி ரைபிள்கள் ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும். போட்டி பிஸ்டல் 0.45 கிராமை 150 மீட்டர் வேகத்தில் தள்ளினால் சுமார் 5 ஜூல். டப்பாவில் எடை கிரெயினில் இருந்தால் 0.0648ஆல் பெருக்குங்கள், கிராம் கிடைக்கும். 8.2 கிரெயின் என்பது 0.53 கிராம், 7 கிரெயின் என்பது 0.45 கிராம்.

சக்திக்கு ஏற்ற எடை

5 ஜூல் அளவுள்ள பிஸ்டலுக்கு 0.45 கிராம். 7 முதல் 8 ஜூல் வரையுள்ள போட்டி ரைபிளுக்கு 0.49 முதல் 0.53 வரை. இரண்டுக்குமே தட்டையான தலை பெல்லட்தான், ஏனென்றால் காகிதத்தில் சுத்தமான வட்ட ஓட்டை போடுவது அதுதான். ஸ்பிரிங் விசையில் பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்தும் ஸ்பிரிங் ரைபிள் 10 முதல் 16 ஜூல் வரை இருந்தால் அதற்கு 0.51 முதல் 0.55 வரை. 20 ஜூலை ஒட்டிய துப்பாக்கியில் 25 மீட்டருக்கு மேல் சுடுவதானால் உருண்டைத் தலையுள்ள 0.55 முதல் 0.67 வரை.

பவர் கூடும்போது எடையை ஏன் கூட்ட வேண்டும்? 20 ஜூலில் 0.45 கிராம் பெல்லட் 298 மீட்டர் வேகத்தில் பாயும். 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் சுமார் 349 மீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கைத் தாண்டும்போதே பெல்லட்டைச் சுற்றி ஓடும் காற்று குலைய ஆரம்பிக்கும். மெல்லிய இடுப்பும் அகன்ற வாலும் கொண்ட வடிவம் அந்த வேகத்துக்கு ஆனதல்ல. அது தள்ளாடும், குரூப் (அட்டையில் விழும் ஓட்டைகளின் கூட்டம்) விரியும். அதே 20 ஜூலில் 0.67 கிராம் என்றால் வேகம் 244 மீட்டர்தான், நிதானமாகப் போகும்.

ஸ்பிரிங் ரைபிளில் இன்னொரு சங்கதி உண்டு, அதுதான் காசைக் கரைக்கும். பிஸ்டன் முன்னால் பாயும்போது அதற்கும் பெல்லட்டுக்கும் இடையில் சிக்கும் காற்றுதான் பிஸ்டனுக்கு மெத்தை. பெல்லட் மிக இலேசாக இருந்தால் சீக்கிரமே நகர்ந்துவிடும், மெத்தை இல்லாமல் பிஸ்டன் சிலிண்டர் முகப்பில் அறையும். சீல் கிழியும், ஸ்பிரிங் வளையும், ஸ்கோப் மவுண்ட் தளரும். பெல்லட் போடாமல் ட்ரிக்கரை இழுப்பதும் இதே சேதம்தான், இன்னும் கடுமையாக. மிகக் கனமான பெல்லட் என்றால் எதிர்ப்பக்கம் கோளாறு: பெல்லட் தயங்குகிறது, பிஸ்டன் காற்றில் முட்டித் திரும்பி எகிறுகிறது, கையில் இரட்டைத் தட்டாகத் தெரியும். அப்போதும் பெல்லட் பேரலுக்குள்ளேயே இருப்பதால் பிடியில் வரும் சின்ன மாற்றமும் இலக்கில் பெரிதாகத் தெரியும். ஆகவே ஸ்பிரிங் ரைபிளுக்கு நடு எடைதான் சரி. "கனமா போட்டா நல்லா அடிக்கும்" என்ற யோசனையை இந்த வகைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கேட்கவே கூடாது.

அழுத்தக் காற்று நிரப்பும் பிசிபி வகையில் நிலைமை நேர்மாறு. கனமான பெல்லட் பேரலில் அதிக நேரம் இருப்பதால் காற்று அதைக் கூடுதலாகத் தள்ளுகிறது, சக்தி ஏறுகிறது. 0.55 கிராமில் 19 ஜூல் காட்டிய துப்பாக்கி 0.67 கிராமில் 20ஐத் தாண்டக்கூடும். தாண்டினால் அது உரிமம் வேண்டிய ஆயுதம். எடை மாற்றும் ஒவ்வொரு முறையும் வேகத்தை மறுபடி அளந்து எழுதி வையுங்கள்.

எடை வித்தியாசம் எவ்வளவு பாதிக்கும்

170 மீட்டர் வேகத்தில் 10 மீட்டர் கடக்க 0.059 வினாடி. அதற்குள் பெல்லட் சுமார் 17 மி.மீ. கீழே இறங்கும். காற்றுத் தடையைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். சக்தி மாறாவிட்டால் இந்த இறக்கம் எடைக்கு நேர் விகிதத்தில் கூடும்: எடை ஒரு சதவீதம் ஏறினால் இறக்கமும் ஒரு சதவீதம். 0.53ஐ விட்டு 0.49க்கு மாறினால் அடி சுமார் 1.3 மி.மீ. மேலே ஏறும். ரைபிள் அட்டையில் வளையத்துக்கு வளையம் 2.5 மி.மீ., தசமப் புள்ளி ஒவ்வொன்றும் 0.25 மி.மீ. எனவே அரை வளையம் போயிற்று. ஒரு போட்டிக்குள் இரண்டு எடையைக் கலக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. ஒரே டப்பாவுக்குள் 5 மில்லிகிராம் வித்தியாசம் இருந்தால் அடி மாறுவது வெறும் 0.16 மி.மீ., ஒரு தசமப் புள்ளிகூட இல்லை. இரவெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு பெல்லட்டையும் எடை போட்டுப் பிரிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எடை போடுவதன் உண்மையான பயன் கூட்டத்தில் ஒட்டாமல் நிற்கும் பழுதானவற்றை எடுத்து எறிவதுதான். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் 15, 20 மில்லிகிராம் குறையும். சேலத்தில் தராசுக்குப் பஞ்சமில்லை, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளைச் சுற்றி எடை போடுவது அன்றாட வேலை. ஆனால் கொலுசு எடை போடும் 10 மில்லிகிராம் தராசு இதற்கு உதவாது. கல் எடை போடும் 1 மில்லிகிராம் தராசு வேண்டும், மூடி போட்டு, மின்விசிறியை நிறுத்தி. புது டப்பாவில் 50 எடுத்துப் பாருங்கள். 45க்கு மேல் 5 மில்லிகிராம் வட்டத்துக்குள் நின்றால் அந்த டப்பாவை அதற்கு மேல் எடை போட வேண்டாம்.

தலை அளவு

எடையை விட அதிகமாகப் பேச வேண்டியது இதைத்தான். ஒரே எடை பெல்லட் 4.48, 4.49, 4.50, 4.51 என்று தலை அளவில் வெவ்வேறாக வருகிறது. டப்பாவின் பின்புற ஸ்டிக்கரில் அளவும் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணும் இருக்கும். தலை சின்னதாக இருந்தால் பேரலின் வரிகளை ஒழுங்காகப் பிடிக்காது, சாய்ந்து போகும். பெரிதாக இருந்தால் உள்ளே தள்ளும்போதே நசுங்கும். விரலால் அழுத்தும்போது ஒரே சீரான, இலேசான எதிர்ப்புடன் உட்கார வேண்டும். தானாக விழுந்தாலும் தவறு, நகம் வலிக்க அழுத்த வேண்டியிருந்தாலும் தவறு.

சோதனை இப்படி. ஸ்டாக் (துப்பாக்கியின் கட்டை) திருகுகளையும் சைட் (குறி பார்க்கும் பாகம்) திருகுகளையும் முதலில் இறுக்குங்கள். பிசிபி என்றால் மணல் மூட்டை மீது வைத்துச் சுடலாம். ஸ்பிரிங் ரைபிளை அப்படி இறுக்கிப் பிடித்தால் தவறான முடிவுதான் வரும். திறந்த உள்ளங்கையில் ஒரே இடத்தில் தளர்வாகத் தாங்குங்கள். பெல்லட் வகையை மாற்றும்போது முதல் பத்து ஷாட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பேரலில் பழைய ஈயப் பூச்சு மாற அவ்வளவு தேவை. பிறகு பத்து ஷாட் கொண்ட இரண்டு குரூப். ஐந்து ஷாட் குரூப் ஏமாற்றும், தற்செயலாகவே அழகாக விழும். வெர்னியரால் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்து 4.5 மி.மீ. கழியுங்கள். மறுநாள் வரிசையைத் தலைகீழாக்கி இன்னொரு முறை. கை களைத்த பிறகு சுட்ட டப்பா அநியாயமாகத் தோற்றுவிடக் கூடாது.

காகிதத்தைப் படிக்கவும் தெரிய வேண்டும். ஓட்டைகள் மேலும் கீழுமாக நீண்டால் வேகம் சீராக இல்லை: ரெகுலேட்டர் (பிசிபியில் காற்றழுத்தத்தைச் சீராக்கும் பாகம்), களைத்த ஸ்பிரிங், அல்லது எடை ஒவ்வாமை. பக்கவாட்டில் நீண்டால் பெரும்பாலும் ட்ரிக்கர் விரல்தான், பெல்லட்டைக் குறை சொல்ல வேண்டாம். ஒன்பது சேர்ந்து விழுந்து ஒன்று மட்டும் தனியே போனால் வால் நசுங்கிய பெல்லட். தட்டைத் தலை பெல்லட்டின் ஓட்டை முட்டை வடிவில் இருந்தால் தலை அளவு பொருந்தவில்லை. ஸ்பிரிங் ரைபிளில் புகையும் கருகிய எண்ணெய் வாடையும் வந்தால் சிலிண்டருக்குள் எண்ணெய் தீப்பிடிக்கிறது. அது தீரும் வரை எந்தச் சோதனையும் செல்லாது.

மலை ஏறும்போது

சேலம் நகரம் 300 மீட்டருக்குள், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். ஸ்பிரிங் ரைபிள் சிலிண்டரில் சிக்கும் காற்றும் அந்த அளவு குறையும், மெத்தை மெலிகிறது. அதனால் கீழே விளிம்பில் இருந்த இலேசான பெல்லட்டை மேலே பயன்படுத்தாதீர்கள், நடு எடைக்கு வாருங்கள். பிசிபிக்கு 10 மீட்டரில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. 40, 50 மீட்டரில் காற்றுத் தடை குறைவதால் அடி சற்று மேலே ஏறும், சைட்டைத் திருத்தினால் போதும்.

கார்பன் டை ஆக்சைடு பிஸ்டல்தான் பெரிதும் மாறும். அந்த வாயுவின் அழுத்தம் 15 டிகிரியில் சுமார் 51 பார், 30 டிகிரியில் 72 பார். சேலத்துச் சித்திரை வெயிலில் சரிபார்த்த சைட் ஏற்காட்டுக் காலைக் குளிரில் கீழே அடிக்கும். எடையை மாற்றி இதைச் சரிக்கட்ட நினைக்க வேண்டாம். அரை மணி நேரம் பிஸ்டலை அந்தச் சூழலில் வைத்துவிட்டுப் பிறகு சைட்டைத் திருத்துங்கள்.

மலையில் சுடுவது என்றால் காகித அட்டையும், ஈயம் திரும்பி எகிறாத பெல்லட் பிடிப்பானும், அதன் பின்னால் மண் சுவரும். சேர்வராயன் காட்டுப் பறவைகளையோ விலங்குகளையோ நோக்கித் துப்பாக்கியைத் திருப்பவே கூடாது. 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம், ஏர் ரைபிள் என்பதால் விலக்கு கிடையாது. கண்ணாடி அணியாமல் யாரும் லேனில் நிற்க வேண்டாம். ஈயமில்லாத தகர பெல்லட் ஈயத்தை விட இலேசு, கடினம், பலகையிலிருந்து வேகமாகத் திரும்பும். அதைச் சுடும்போது கண்ணாடி இரட்டிப்பு அவசியம்.

வாங்கி வைப்பது

பொருந்திய எடையும் தலை அளவும் கிடைத்ததும் அதே லாட் எண்ணில் ஒரு பருவத்துக்குத் தேவையான டப்பாக்களை ஒரே முறை வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் சோதனையை மறுபடி செய்ய வேண்டும், பெயரும் எடையும் அச்சில் ஒன்றாகவே இருந்தாலும். ஏற்காட்டு மழைக்காலப் பனியில் திறந்து கிடக்கும் ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி பூக்கும். அது எடையையும் அளவையும் கெடுக்கும், நஞ்சும்கூட. அப்படிப் பூத்ததைத் துடைத்துப் பயன்படுத்த வேண்டாம், தனியே மூடிவைத்துப் பழைய ஈயம் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். டப்பாவை இறுக மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பெல்லட்டை வாயில் கவ்விக்கொண்டு சுடும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே டீ.