வீட்டுப் பிரசவத்துக்குக் கிளைம் கேட்கப் போகிறீர்களா?

என் இரண்டாவது மகள் வீட்டில்தான் பிறந்தாள். உரிமம் பெற்ற மிட்வைஃப், அதாவது பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர், கடைசி வரை கூட இருந்தார். பிரசவம் நல்லபடியாக முடிந்தது. அவருக்குக் கொடுத்த பணம் காப்பீட்டிலிருந்து வந்து சேரத்தான் ஏழு மாதம் ஆனது.

பாலிசியில் ‘மகப்பேறு உண்டு’ என்ற வரியைப் பார்த்து நான் நிம்மதியாகிவிட்டேன். நீங்கள் அதோடு நிற்காதீர்கள். மகப்பேறு என்றால் என்னவென்று உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். ‘மருத்துவமனையில் சேர்ந்து’ என்று இருந்தால் வீட்டுப் பிரசவத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்ற விலக்குகள் பட்டியலையும், பாலிசி எடுத்து எவ்வளவு நாள் கழித்துத்தான் கிளைம் கேட்கலாம் என்ற காத்திருப்புக் காலத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பிறகு நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். போனில் என்னிடம் “கிடைக்கும் மேடம்” என்றார்கள். பின்னால் அந்தப் பேச்சுக்குப் பதிவே இல்லை. மிட்வைஃபின் பெயர், உரிம எண், பிரசவ நாள் எல்லாவற்றையும் குறிப்பிட்டு, முன் அனுமதி வேண்டுமா, கர்ப்பகாலப் பரிசோதனையும் பேறுகாலத்துக்குப் பிந்தைய வருகைகளும் சேருமா, பாதியில் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் இரண்டு பில்லும் ஏற்கப்படுமா என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வலியில் துடிக்கும்போது யாரும் பாலிசியைப் புரட்டப் போவதில்லை.

என் கிளைம் திரும்பி வந்ததற்கு முதல் காரணம் பில்தான். ‘பிரசவக் கட்டணம்’ என்று ஒரே வரி, ஒரே தொகை. மிட்வைஃப் வந்தது இரவு ஒன்பது மணிக்கு. குழந்தை பிறந்தது நள்ளிரவு தாண்டி இருபது நிமிடத்தில். பில்லில் முதல் நாள் தேதி, பிறப்புச் சான்றிதழில் மறுநாள் தேதி! ஒவ்வொரு வருகைக்கும் தனித் தேதி, தனித் தொகை போட்டு வாங்குங்கள். நோய்க் குறியீடும் கேட்பார்கள். ஐசிடி-10 என்ற சர்வதேச நோய்க் குறியீட்டுப் பட்டியலில் சிக்கலில்லாத இயல்பான பிரசவத்துக்கு ஓ80, ஒரு குழந்தை உயிருடன் பிறந்ததற்கு இசட்37.0. மிட்வைஃபுக்கு இது தெரிந்திருக்கும், எழுதித் தரச் சொல்லுங்கள்.

திருத்திய பில்லையும் நிராகரித்தார்கள். ‘பிரசவம் மருத்துவமனையில் நடக்கவில்லை’ என்றார்கள். எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேட்டேன். அந்தப் பிரிவில் இருந்ததோ ‘உரிமம் பெற்ற மருத்துவர் அல்லது மிட்வைஃப் பார்த்த பிரசவம்’ என்பது மட்டும்தான். இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வரியை அப்படியே எடுத்துப் போட்டு, உரிமத்தின் நகலையும் பிரசவக் குறிப்பேட்டையும் இணைத்து மேல்முறையீடு செய்தேன். பணம் வந்தது. மேல்முறையீட்டுக்குக் கெடு உண்டு. நிராகரிப்புக் கடிதம் வந்த அன்றே அதைக் குறித்துவையுங்கள்.

குழந்தையைப் பாலிசியில் சேர்க்கவும் தனிக் கெடு இருக்கும். அந்தப் படிவத்தைப் பிரசவத்துக்கு முன்பே வாங்கி, பெயரும் தேதியும் தவிர மற்றதையெல்லாம் நிரப்பி வைத்துவிடுங்கள்.