பழைய ஐபாட், சான்சா பிளேயர்களை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐபாட் வரிசையை ஆப்பிள் நிறுவனம் 2022 மே மாதத்தில் முடித்துக்கொண்டாலும், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளின் அலமாரிகளில் அதுவும் சான்டிஸ்க் நிறுவனத்தின் சான்சாவும் போன்ற பழைய பாட்டு பிளேயர்கள் இன்னும் கிடக்கின்றன. அவற்றுள் சிலவற்றில் சினிமாப் பாட்டு மட்டுமன்றி, ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடந்த பாரதக் கூத்தின் பதிவும், இன்று உயிரோடு இல்லாத கூத்து வாத்தியாரின் குரலும் வேறெங்கும் நகல் இல்லாமல் இருக்கக்கூடும். ஆகவே, பிளேயரைப் பாட வைப்பதற்கு முன் உள்ளே இருப்பதை வெளியே எடுத்து வைப்பதே முதல் வேலை. இந்த வரிசையை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

ஐபாடை வேறொரு கணினியில் செருகியதும், அதை அழித்துவிட்டுப் புதிதாக இணைக்கலாமா என்று ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருள் கேட்கும்போது, யோசிக்காமல் சம்மதம் கொடுத்துப் பாட்டு முழுவதையும் இழந்தவர்கள் பலர். பாட்டுகள் ‘ஐபாட் கன்ட்ரோல்’ என்னும் மறைக்கப்பட்ட ஃபோல்டருக்குள், பொருளற்ற நான்கெழுத்துப் பெயர்களில் இருக்கும். அவற்றைக் குப்பையென்று நினைத்து நீக்கிவிடக் கூடாது. பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் பெரும்பாலும் ஃபைலுக்குள்ளேயே பதிந்திருப்பதால், நகலெடுத்த பின் பொறுமையாகப் பெயர் மாற்றிக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்கில் ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால், திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காமல், கிடைக்கும் முதல் வாய்ப்பிலேயே மிக வேண்டியதை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது பேட்டரி. தகர ஷீட் கூரைக்கடியில் பல கோடைகளைக் கழித்த லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால், அதை அழுத்துவதும் குத்துவதும் தீப்பிடிக்க வழி செய்யும். உலோகத் திருப்புளியால் நெம்பாமல், பிளாஸ்டிக் கருவியால் மெல்லத் திறக்க வேண்டும். வீடியோ ஐபாடின் பின்மூடி, பேட்டரிக்கும் ஹெட்போன் ஜாக்குக்கும் செல்லும் மெல்லிய ரிப்பன்களால் உடலோடு இணைந்திருக்கிறது. திறந்த வேகத்தில் மூடியை இழுத்தால் அவை அறுந்துபோகும். நெடுநாள் சார்ஜ் இன்றி அடியோடு இறங்கிப்போன பேட்டரிக்கு வெளியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்து எழுப்பும் வழக்கம் சில ரிப்பேர் கடைகளில் உண்டு. அது வேண்டாம், புதிய பேட்டரியே பாதுகாப்பானது. அளவு பொருந்துகிறது என்பதற்காகப் பாதுகாப்புச் சர்க்யூட் இல்லாத பேட்டரியைப் பற்றவைப்பதும், பிளஸ் மைனஸ் பார்க்காமல் கம்பியை இணைப்பதும் போர்டையே பலிவாங்கும்.

துரு ஏறிய ஜாக்கைத் தின்னராலோ பெட்ரோலாலோ துடைக்காமல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கவும்.

ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு அடாப்டர் வழியாக மெமரி கார்டு பொருத்துவது நல்ல மாற்றம்தான்; ஆனால் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிய கார்டில் எழுதியிருக்கும் கொள்ளளவை அப்படியே நம்பக் கூடாது. முழுக் கார்டையும் நிரப்பித் திரும்பப் படித்துச் சோதித்த பிறகே பொருத்த வேண்டும். போலிக் கார்டு, நிரம்பும் வரை ஒழுங்காக இருப்பதுபோலவே காட்டும்.

2001 இறுதியில் ஆர்க்கோஸ் நிறுவனத்தின் பிளேயர்களுக்காகத் தொடங்கப்பட்ட ராக்பாக்ஸ், பிளேயரின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாக இயங்கும் இலவச மென்பொருள்; ஃபிளாக், ஓபஸ் போன்ற ஆடியோ வகை ஃபைல்களையும் அது பாட வைக்கும். மாடலை உறுதி செய்யாமல் அதை ஏற்றுவதுதான் இங்கே நடக்கும் தவறு. சான்சா ஃபியூஸ் பிளேயரில் இரண்டு பதிப்புகள் உண்டு. வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருந்தாலும், உள்ளே சிப் வேறு என்பதால் ஒன்றின் ஃபைல் மற்றொன்றுக்கு ஆகாது. செட்டிங்ஸ் பகுதியில் காணும் பதிப்பு எண் வி01 என்று தொடங்குகிறதா, வி02 என்று தொடங்குகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ஐபாட் டச்சை இதற்காக வாங்க வேண்டாம். அதில் ராக்பாக்ஸ் ஓடாது. மேக் கணினியில் ஃபார்மட் செய்த ஐபாடை ராக்பாக்ஸால் படிக்க முடியாது என்பதால், முதலில் அதை ஃபேட்32 என்னும் ஃபைல் அமைப்புக்கு மாற்ற வேண்டும். அந்த மாற்றம் எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பதாலும்தான் நகலெடுப்பதை முதலில் சொன்னேன். பிளேயரின் பழைய மென்பொருளை நீக்காமல் வைத்திருந்தால், வேண்டியபோது அதற்கே திரும்பலாம்.

தமிழில் பெயரிட்ட பாட்டுகளுக்குத் தமிழ் எழுத்துகள் உள்ள ஃபான்ட் தேவை. அது இருந்தாலும் கொம்பும் காலும் உரிய இடத்தில் சேராமல் பெயர் சிதைந்தே தெரியும். பிளேயருக்கு அனுப்பும் நகலில் மட்டும் பெயர்களை ஆங்கில எழுத்தில் மாற்றிக்கொண்டு, தமிழ்ப் பெயருள்ள மூலத்தைக் கணினியில் அப்படியே விட்டுவிடுங்கள்.