அளவை மாற்றினால் உடையும் ரெவிட் ஃபேமிலி: பிழையைத் தேடிப் பிடிக்கும் முறை

கட்டட வடிவமைப்புக்கான ரெவிட் மென்பொருளில் இரு கதவு ஜன்னல் ஒன்றை ஃபேமிலியாக, அதாவது அளவுகளை மாற்றி மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் பாகமாக, சொந்தமாக வடிவமைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அகலத்தை 1200 மில்லிமீட்டரிலிருந்து 1500-க்கு மாற்றியதும் இடப்பக்கச் சட்டம் நகர, வலப்பக்கச் சட்டம் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது. அல்லது “கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் ஆர் நாட் சாட்டிஸ்ஃபைடு” (பிணைப்புகள் நிறைவேறவில்லை) என்ற செய்தி எழுகிறது. அச்செய்திப் பெட்டியில் உள்ள “ரிமூவ் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ்” பொத்தானை அழுத்தினால் செய்தி மறையும். ஆனால் அதனுடன் சில பிணைப்புகளும் அறுந்துபோவதால், அதன் பிறகு அந்தப் பகுதி அளவுகளுக்குக் கட்டுப்படாது. எனவே “கேன்சல்” கொடுத்து வெளியேறி, கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, கீழ்க்காணும் வரிசையில் தேடுங்கள்.

முதலில், ஃபேமிலி எடிட்டரில் “ஃபேமிலி டைப்ஸ்” பெட்டியைத் திறந்து, ஒரு நேரத்தில் ஒரேயொரு அளவை மட்டும் மாற்றி “அப்ளை” அழுத்துங்கள். இரண்டு அளவுகளைச் சேர்த்து மாற்றினால் எது பிழைக்குக் காரணம் என்று பிரித்தறிய இயலாது. 600, 1200, 2400 எனச் சிறிதும் பெரிதுமான மதிப்புகளைக் கொடுத்துப் பாருங்கள்.

அடுத்து, பிரதியிலுள்ள திட வடிவங்களை நீக்கிவிட்டு, வடிவங்களைப் பிணைக்க உதவும் வழிகாட்டித் தளங்களான ரெஃபரன்ஸ் பிளேன்களை மட்டும் இயக்கிப் பாருங்கள். அவையே சரியாக நகரவில்லையெனில், உங்கள் அளவுக்கோடு தவறான இடத்தைப் பற்றியிருக்கலாம், அல்லது நடுக்கோட்டின் இருபுறமும் சமமாகப் பிரிக்கும் “ஈக்யூ” அளவு விடுபட்டிருக்கலாம். அவை ஒழுங்காக நகர்ந்தால், குறை வடிவங்களை அவற்றுடன் பிணைத்த விதத்தில்தான் இருக்கிறது. புதியவர்களின் கோப்புகளில் பெரும்பாலும் இதுவே காரணம் என்பது என் கருத்து.

மூன்றாவது படியில் சற்று நிதானம் தேவை. மூலக் கோப்புக்குத் திரும்பி, சட்டத்தின் எக்ஸ்ட்ரூஷனை (கோட்டு வரைவை நீட்டி உருவாக்கிய திட வடிவத்தை) தேர்ந்தெடுத்து, அதன் ஸ்கெட்சை (அந்தக் கோட்டு வரைவை) திறந்துகொள்ளுங்கள். நீங்கள் பிணைக்காமல் விட்ட கோடுகளுக்கு ரெவிட் தானாகவே சில அளவுகளை மறைவாக இட்டுக்கொள்கிறது. அதனால் ஒரு மதிப்பில் சரியாகத் தோன்றும் வடிவம் இன்னொரு மதிப்பில் கோணலாகிறது. “விசிபிலிட்டி/கிராஃபிக்ஸ்” பெட்டியில், அனொடேஷன் பிரிவில், டைமென்ஷன்ஸ் என்பதன் கீழுள்ள “ஆட்டோமேட்டிக் ஸ்கெட்ச் டைமென்ஷன்ஸ்” என்பதை இயக்கினால் அவை வெளிப்படும். அவ்வாறு வெளிப்படும் கோடு ஒவ்வொன்றையும் நீங்களே பிணைக்க வேண்டும்: “அலைன்” கருவியை எடுத்து, முதலில் ரெஃபரன்ஸ் பிளேனையும் பின்னர் ஸ்கெட்ச் கோட்டையும் சொடுக்கி, தோன்றும் பூட்டை மூடுங்கள். ஒரே இடத்தில் பிளேனும் வேறொரு வடிவத்தின் விளிம்பும் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தால், சுட்டியை அங்கே நிறுத்தி டேப் விசையை அழுத்தி, திரையின் கீழ் இடது மூலையில் “ரெஃபரன்ஸ் பிளேன்” என்று காட்டிய பிறகே சொடுக்குங்கள். ஒரே கோட்டைப் பூட்டால் ஒரு முறையும் பூட்டிய அளவால் மறுமுறையும் கட்டியிருந்தால், இரண்டும் முரண்பட்டு முதலில் சொன்ன பிழைச்செய்தி வரும், ஒன்றை நீக்குங்கள்.

பின்னர் சூத்திரங்களைச் சரிபாருங்கள். பாராமீட்டர் (மாற்றக்கூடிய மதிப்பு) பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. எண்ணிக்கைக்கான பாராமீட்டரில் நீளத்தை நேரடியாக இட்டால் “இன்கன்சிஸ்டென்ட் யூனிட்ஸ்” (அலகுகள் பொருந்தவில்லை) என வரும். ஜன்னல் கம்பிகளின் எண்ணிக்கை வேண்டுமானால் அகலத்தை இடைவெளியால் வகுக்க வேண்டும். கதவின் அகலம் “(அகலம் - 3 * சட்டம்) / 2” எனில், சட்டம் 50 மில்லிமீட்டராக இருக்கையில் அகலம் 150 ஆகும்போது விடை பூஜ்யமாகிவிடும். அத்தகைய வடிவத்தை ரெவிட் உருவாக்காது. ரெவிட்டின் பழைய பதிப்புகளில், ஒரே வடிவத்தை வரிசையாக அடுக்கும் அர்ரேயின் எண்ணிக்கை 2-க்குக் கீழே இறங்கினாலும் இதே தொல்லைதான். “இஃப்(எண் < 2, 2, எண்)” என்று காப்பிட்டு, ஒற்றைக் கம்பிக்குத் தனி வடிவமும் அதைக் காட்டவோ மறைக்கவோ உதவும் விசிபிலிட்டி பாராமீட்டரும் வைத்துக்கொள்ளலாம். மறைத்த பகுதி எடிட்டரில் மங்கலாகத் தெரிந்தால் அது பிழையன்று. பிராஜெக்ட்டில் (ஜன்னலைப் பொருத்தும் கட்டடக் கோப்பில்) அது தெரியாது.

கடைசியாக, பிராஜெக்ட்டில் ஏற்றும்போது பழைய பதிப்பை மட்டும் மேலெழுதினால், அங்கே முன்பே உள்ள டைப்களின் (ஜன்னல் வகைகளின்) பழைய மதிப்புகள் அப்படியே இருக்கும். புதிய மதிப்புகள் வேண்டுமெனில் “பாராமீட்டர் வேல்யூஸ்” சேர்த்து மேலெழுதும் தெரிவை எடுங்கள். ஒரு ஜன்னலை மாற்றினால் எல்லா ஜன்னல்களும் மாறுகின்றன என்றால், அது அந்த வகை முழுவதற்கும் பொதுவான டைப் பாராமீட்டராக இருக்கிறது, ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனியான இன்ஸ்டன்ஸ் பாராமீட்டர் ஆக்குங்கள். பிறகு 115 மில்லிமீட்டர் சுவரிலும் 230 மில்லிமீட்டர் சுவரிலும் ஒவ்வொரு ஜன்னலைப் பொருத்திப் பாருங்கள்; சட்டம் ஒன்றில் மட்டும் சுவரைவிட்டு வெளியே துருத்தினால், அதன் ஆழம் சுவரின் முகத்தோடு பிணைக்கப்படவில்லை.