எண்கோட்டில் டேட்டா சஃபிஷியன்சி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்பிஏ போன்ற மேலாண்மைப் படிப்புகளில் சேர எழுதும் ஜிமேட் தேர்வின் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் 45 நிமிடத்துக்கு 20 கேள்விகள். அவற்றில் டேட்டா சஃபிஷியன்சி என்ற வகையில் விடை என்ன என்று கேட்க மாட்டார்கள். கொடுத்த இரண்டு கூற்றுகள் விடை காணப் போதுமா என்றுதான் கேட்பார்கள். நம் வங்கித் தேர்வுகளிலும் இந்த வகை உண்டு. எண்கோடு வந்துவிட்டால் 'பள்ளிக் கணக்குதானே' என்று பலர் வேகமெடுக்கிறார்கள்.

அந்த வேகத்தில் முதலில் நடப்பது, புள்ளிகளை எழுத்து வரிசையிலேயே வைத்துவிடுவது. ஓர் எண்கோட்டில் க, ச, த என மூன்று வெவ்வேறு புள்ளிகள். க-வுக்கும் த-வுக்கும் இடையே எவ்வளவு தூரம்? கூற்று 1: க–ச தூரம் 8. கூற்று 2: ச–த தூரம் 3. கூட்டினால் 11, ஆகவே இரண்டும் சேர்ந்தால் போதும் என்று குறித்துவிடுவார்கள். ச நடுவில் இருக்கிறது என்று யார் சொன்னது? த நடுவில் இருந்தால் தூரம் 5. இரண்டு விடைக்கு இடமிருப்பதால் சேர்த்தாலும் போதாது. படம் கொடுத்திருந்தால் புள்ளிகளின் வரிசையை நம்பலாம். இடைவெளியைக் கண்ணால் அளந்து முடிவெடுக்கக் கூடாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: எண்ணே இல்லையே, எப்படிப் போதும் என்று தள்ளிவிடுவது. அதே மூன்று புள்ளிகள். க-வுக்கும் த-வுக்கும் நடுவே ச இருக்கிறதா? கூற்று 1: க–த தூரம் க–ச தூரத்தைவிட அதிகம். கூற்று 2: க–த தூரம் ச–த தூரத்தைவிட அதிகம். தனித்தனியே எதுவும் போதாது. சேர்த்துப் பார்த்தால், மூன்று தூரங்களில் பெரியது க–த. பெரிய தூரம் இரண்டு ஓரப் புள்ளிகளுக்கு இடையேதான் இருக்க முடியும், ஆக ச நடுவில். போதும்! எனக்கு மிகவும் பிடித்த வகை இது. எத்தனை எண் கிடைத்தது என்பதல்ல, எத்தனை விதமாக வரைய முடிகிறது என்பதே கணக்கு.

'ஆமா, இல்லையா' என்று கேட்கும் கேள்வியில் இன்னொரு குழி. எண்கோட்டில் ம என்ற எண் பூச்சியத்துக்கு வலப்பக்கம் இருக்கிறதா? கூற்று: ம-வுக்கும் -7-க்கும் இடையே தூரம் 3. ம-வின் மதிப்பு -10 அல்லது -4. இரண்டு மதிப்பு வந்ததும் 'போதாது' என்று கை போய்விடும். ஆனால் இரண்டுமே இடப்பக்கம்தான். உறுதியாக 'இல்லை' என்று சொல்ல முடிகிறதே, அதுவும் விடைதான், கூற்று போதும்.

அப்புறம், -ம என்று பார்த்ததும் அதை இடப்பக்கம் வைப்பது. ம குறை எண்ணாக இருந்தால் -ம வலப்பக்கம் வரும். கூற்று 2-ஐச் சோதிக்கும்போது கூற்று 1-ஐ மனசுக்குள் வைத்திருப்பதும் இதே போல அடிக்கடி நடக்கிறது; முதலில் அதை மறந்துவிட்டுத் தனியாகப் பாருங்கள். முழு எண் என்று கேள்வி சொல்லாதவரை, 3-க்கும் 5-க்கும் இடையே 4 மட்டுமல்ல, 3.2-ம் 4.75-ம் இருக்கின்றன.