காட்டுவதற்காக விரித்த மெத்தை: குயர் காதலோடு ஒரு பேய்க் குறும்படம் எடுப்பது எப்படி

வாடகை வீட்டில் சேர்ந்து வாழும் இரண்டு பெண்கள். வீட்டுக்காரரிடம் ‘ஃப்ரெண்ட்ஸ்’ என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் திடீரென்று எட்டிப் பார்த்தால் சந்தேகம் வரக் கூடாதே என்று தினமும் இரண்டு மெத்தை விரிக்கிறார்கள், படுப்பதென்னவோ ஒன்றில்தான். ஒருநாள் காலையில், யாருமே படுக்காத அந்த இரண்டாவது மெத்தையில் ஆள் படுத்து எழுந்த குழி. பத்து நிமிடப் படத்துக்கு இது தாராளம்.

ஒளித்து வாழ்கிறவர்களுக்குக் கதவு தட்டும் சத்தமே திகில்தான். பேய் வருவதற்கு முன்பே அந்த வீட்டில் பயம் குடியிருக்கிறது. தன்பாலீர்ப்பு போன்ற காதலைச் சொல்லும் சின்னப் பட்ஜெட் ‘குயர்’ திகில் படங்களின் ருசியே அதில்தான் இருக்கிறது; கிராஃபிக்ஸ் செலவில்லாமலே பாதி வேலை முடிந்துவிடும். அதனால் திரைக்கதையைப் பேயிலிருந்து தொடங்காதீர்கள். அந்த ஜோடி மறைத்து வாழச் செய்கிற காரியங்களை முதலில் எழுதுங்கள். பகலிலும் மூடிய ஜன்னல் திரை, போனில் மாற்றி வைத்த பெயர், எதிர் வீட்டு அக்காவிடம் சொல்லும் பொய் என்று பத்தாவது தேறும். அதில் எந்த ஒன்றைப் பேய் கெடுத்தால் குலை நடுங்கும் என்று பாருங்கள். அதுதான் உங்கள் படம்.

பத்து நிமிடத்துக்குப் பத்துப் பக்கம், இரண்டு நாள் படப்பிடிப்பு, மொத்தம் 40 ஷாட். முதல் மூன்று நிமிடம் பேய் வேண்டாம். ‘ஐ லவ் யூ’வும் வேண்டாம். ஒருத்தி வாயில் ஊக்கைக் கடித்துக்கொண்டு மற்றவளின் புடவை மடிப்பைச் சரிசெய்யட்டும்; அடுப்படியிலிருந்து “எத்தனை விசில் ஆச்சு?” என்று கேட்கட்டும். இவர்கள் பிரியக் கூடாது என்று பார்ப்பவர் மனசு அடித்துக்கொண்டால்தான் பிறகு பயம் வேலை செய்யும்.

முடிவில் ஒருத்தியைச் சாகடிக்கும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். ஐரிஷ் எழுத்தாளர் ஷெரிடன் லே ஃபனுவின் ‘கார்மில்லா’ குறுநாவல், டிராகுலா நாவலுக்கு 25 ஆண்டு மூத்தது. அதில் பெண்ணை விரும்பும் ரத்தக்காட்டேரியை 1872-லேயே நெஞ்சில் முளை அடித்துக் கொன்றாயிற்று. 1934 முதல் கறாராக அமலான ஹாலிவுட் தணிக்கை விதிகள் தன்பாலீர்ப்பைக் காட்டவே விடவில்லை. ஜாடையாக, அதுவும் பெரும்பாலும் அரக்கராகவோ வில்லனாகவோதான் அது திரைக்கு வந்தது. கடைசி ரீலில் செத்தும் போனது. அந்தப் பழக்கத்தை நாம் ஏன் சுமக்க வேண்டும்? நம் கதையில் இப்படி முடிக்கலாம்: வீட்டுக்காரர் சந்தேகத்தோடு வந்து நிற்கிறார். இரண்டு மெத்தையும் கசங்கிக் கிடப்பதைப் பார்த்துத் திருப்தியாகத் திரும்பிப் போகிறார். பேய் காப்பாற்றிவிட்டது. யார் அந்தப் பேய் என்று விளக்க வேண்டாம். இதே வீட்டில் முன்பு இரண்டு மெத்தை விரித்த யாரோ என்று பார்ப்பவரே ஊகித்துக்கொள்வார்.

இப்போது அந்தக் குழி. ஃபோம் மெத்தையில் எடுத்தால் ஆள் எழுந்த வேகத்தில் மேடாகிவிடும். நன்றாகப் பழகிய இலவம்பஞ்சு மெத்தை வாங்குங்கள். அழுந்தினால் அழுந்தியபடியே கிடக்கும். வெளிர்நிற, பூப்போடாத விரிப்பை இஸ்திரி போட்டு விரித்து, ஒருவரைப் பக்கவாட்டில் கால் மணி நேரம் படுக்க வைத்து, மெல்ல எழச் சொல்லுங்கள். நேராக அடிக்கும் விளக்கில் குழி தெரியவே தெரியாது. விளக்கைத் தரையில், மெத்தை உயரத்துக்கு, இரண்டு மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள். ஒவ்வொரு சுருக்கத்துக்கும் நிழல் விழும்.

வாடகை வீட்டு வெள்ளைச் சுவர்கள் ஒளியை அறை முழுக்க இறைத்து இருட்டைக் கெடுக்கும். கேமராவில் படாத சுவர்களில் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். இருட்டுக் காட்சியை நிஜ இருட்டில் எடுக்காதீர்கள், படம் புள்ளி புள்ளியாகிவிடும். வெளிச்சம் கொடுத்து, கேமராவில் ஒரு ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சம்) குறைத்து எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; ஆகவே விளக்கு மினுக்காமலிருக்க நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி. அப்படியும் மலிவு எல்இடி பல்புகள் சில கோடு கோடாக ஓடும். முந்தின நாளே பத்து நொடி எடுத்துப் பாருங்கள். போனில் எடுப்பவர்கள் எக்ஸ்போஷரையும் (வெளிச்ச அளவு) ஒயிட் பேலன்ஸையும் (நிறச் சமன்) பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் கதவு இருட்டில் திறக்கும் சரியான நேரத்தில் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டி மானத்தை வாங்கும்.

ஒலிக்கு ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்த வேண்டும். பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் மறுபடி போட மறக்காமல் வீட்டுக்குக் கிளம்புவீர்கள். எல்லோரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் அது இல்லாமல் ஒட்டுப்போட முடியாது. மெத்தைக்கு அடியில் கோரைப்பாய் போடுங்கள். யாரோ படுக்கும்போது அது நெரியும் சத்தத்தை மைக்கை ஒரு ஜாண் தள்ளி வைத்துத் தனியாக எடுங்கள். உருவம் காட்டாமலே பேய் படுத்துவிடும்.

முத்தக் காட்சியை ‘ஃப்ளோவில் வரட்டும்’ என்று விடுவதுதான் பெரிய தப்பு. எந்தக் கை எங்கே, எத்தனை நொடி என்று எழுதி, இருவரும் ஒப்புக்கொண்டதை மட்டும் ஒத்திகை பாருங்கள். அறைக்குள் அவசியமானவர்கள் மட்டும். நடிகையின் வீட்டாருக்கு விஷயம் தெரியாமல் இருக்கலாம். போஸ்டரில் பெயர் போடலாமா, விழாக்களோடு நிறுத்துவதா, யூடியூபிலும் விடுவதா என்று முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மும்பையில் 2010 முதல் நடக்கும் ‘காஷிஷ்’ போன்ற குயர் திரைப்பட விழாக்களுக்கு அனுப்புவதென்றாலும் இதைக் கேட்டே ஆக வேண்டும்.

ரேடியோவில் பழைய பாட்டு ஓடுகிற காட்சி எல்லோருக்கும் பிடிக்கும். பாட்டுக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னொரு உரிமை, இரண்டும் வாங்க வேண்டும். முணுமுணுக்க நீங்களே நாலு வரி மெட்டமைப்பது மேல்.

கடைசியாக சப்டைட்டில். அம்மாவிடம் போனில் “அவங்க இன்னும் சாப்பிடலம்மா” என்று மகள் சொன்னால், ‘அவங்க’ ஆணா பெண்ணா என்று அம்மாவுக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லுக்குள்தான் காதலே ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஷி’ என்று போட்டால் குட்டு உடைந்துவிடும். ‘தே’ போட்டால் பலர் என்று சிலர் நினைப்பார்கள். ‘இன்னும் சாப்பாடு ஆகலை’ என்கிற மாதிரி ஆளே வராத வாக்கியமாக மாற்றி எழுதுங்கள்.