கார்த்திகை விளக்கைப் படமெடுக்க இருபது நிமிடம்

தருமபுரியில் வேலை, ஆனால் கார்த்திகைக்குப் பாப்பாரப்பட்டியில் அத்தை வீட்டுக்குப் போய்விடுவேன். டவுன் தெருவில் எல்.இ.டி. தெருவிளக்கு வெளிச்சத்தில் அகல் விளக்கு எடுபடாது. இருட்டு இருக்கிற ஊராகப் பார்த்துப் போவதுதான் முதல் வேலை.

முதல் வருடம் ஏழு மணிக்கு மேல்தான் கேமராவை எடுத்தேன். எல்லாப் படத்திலும் கறுப்பில் மஞ்சள் புள்ளிகள். அத்தை பார்த்துவிட்டு, "வெளக்கு இருக்குது கண்ணு, வூடு எங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் நேரத்தில் இருக்கிறது. நம் பக்கம் அந்த நாட்களில் ஆறு மணிக்குச் சற்று முன்னால் சூரியன் மறையும். திருவண்ணாமலையில் ஆறு மணிக்குத் தீபம் ஏற்றுவதை டிவியில் பார்த்துவிட்டுத்தான் தெருவில் பலரும் விளக்கேற்றுவார்கள். அப்போதிலிருந்து ஆறு இருபது வரை வானத்தில் கருநீலம் நிற்கும். திண்ணை, ஓடு, கோலம், விளக்கு எல்லாம் ஒரே படத்தில் வருவது அந்த இருபது நிமிடத்தில்தான். அதனால் ஐந்தரைக்கே போய் இடம் பார்த்துவிடுங்கள். தெரு கிழக்கு மேற்காக ஓடினால் மேற்குக் கோடியில் நில்லுங்கள். பௌர்ணமியை ஒட்டி வருகிற பண்டிகை என்பதால் விளக்கு வரிசைக்கு மேலே நிலா ஏறிக்கொண்டிருக்கும்.

வீட்டுக்காரர்களிடம் கேட்டு வாசல் டியூப்லைட்டைப் பத்து நிமிடம் அணைக்கச் சொல்லுங்கள். யாரும் மறுத்ததில்லை. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம், அது விளக்கின் வெளிச்சத்தை அழித்துவிடும். போனில் எடுத்தால் திரையில் சுடரின் மேல் விரலை வைத்து, வெளிச்சத்தைக் கீழே இழுத்துக் குறையுங்கள். சுடர் வெள்ளையாக வெடிக்காமல், அதன் அடியில் திரி தெரிய வேண்டும். கேமராவில் ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 1600, எஃப் (லென்ஸ் திறப்பு) 2.8, ஷட்டர் 1/60 விநாடி என்று ஆரம்பித்துப் பாருங்கள். நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் வெயிலுக்கு உள்ளதில் வைத்தால் பொன்னிறம் அப்படியே நிற்கும்.

ஒரு சின்ன விஷயம். விளக்குக்கு எண்ணெய் ஊற்றிய விரலால் போனின் லென்ஸைத் தொட்டுவிடுவோம். அதன்பிறகு ஒவ்வொரு சுடரிலிருந்தும் கோடு கோடாக ஒளி இழுக்கும். ஒரு பழைய பருத்தித் துணி மடியில் இருக்கட்டும். பனி இறங்கும் இரவில் லென்ஸில் மூட்டம் படிந்தாலும் அதுவே உதவும்.

சரி, இருட்டிய பிறகு? அப்புறம்தான் மாவளி. இதற்காகவே நான் வருடம் முழுக்கக் காத்திருப்பேன். ஆண் பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் தூளாக்கி, துணியில் சுருட்டி, பிளந்த பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டுவார்கள். நுனியில் நெருப்புத் துண்டை வைத்துக் கயிற்றால் ஒரு பையன் சுழற்றினால் அவனைச் சுற்றிப் பொறி வட்டம் வட்டமாகக் கொட்டும். டிரைபாட் இல்லாமல் இதை எடுக்க முடியாது. சுழற்றுமுன் அவன் முகத்தில் டார்ச் அடித்து ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஐந்து விநாடி. கை படாமல் டைமரில் எடுங்கள். பையன் சுழற்றும்போது நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது என்று முன்பே சொல்லிவைக்க வேண்டும். பதினைந்து அடி தள்ளி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக நில்லுங்கள், பருத்திச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

2024இல் கார்த்திகை டிசம்பர் 13. அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னால்தான் ஃபெஞ்சல் புயல் மழை, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியிருந்தது. கரித்தூள் ஈரம் பிடித்துப் பொறியே வரவில்லை. அன்று தெருவில் தேங்கிய தண்ணீரில் விழுந்த விளக்கு வரிசையின் நிழலை எடுத்தேன். போனைத் தலைகீழாகப் பிடித்து லென்ஸைத் தண்ணீரை ஒட்டி வைத்தால் போதும்.

கோயில் முன் சொக்கப்பனை கொளுத்தும்போது எல்லோரும் நெருப்பையே எடுப்பார்கள். அதற்கு ஷட்டர் 1/500 போதும், இரண்டு படத்தில் முடித்துவிடலாம். பிறகு நெருப்புக்குப் பக்கவாட்டில் போய் நின்று, பார்க்கிறவர்களின் முகத்தை எடுங்கள். குழந்தையைத் தோளில் வைத்திருக்கும் அப்பா ஒருவராவது கண்டிப்பாக இருப்பார். கேட்டுவிட்டு எடுங்கள்.

திருவண்ணாமலைக்கே போக ஆசையிருந்தால் அன்றைய நெரிசலில் போக வேண்டாம். மலைமேல் தீபம் 11 நாள் எரியும். அரூர், தானிப்பாடி வழியாக இரண்டு மூன்று நாள் கழித்துப் போனால் நிதானமாக நின்று எடுக்கலாம்.

வீடுகளில் விளக்கு வைக்கும் கடைசி நாள் குப்பைக் கார்த்திகை. அத்தை மாட்டுக்கொட்டகைக்கு ஒன்று, குப்பைமேட்டுக்கு ஒன்று என்று விளக்கு வைப்பார். கூட்டமில்லை, சத்தமில்லை. குனிந்து வைக்கிற கையையும் முகத்தையும் அந்த ஒரே சுடரில் எடுங்கள். இரண்டு கையாலும் காற்றை மறைத்துக்கொண்டு அவர் ஒரு நொடி அசையாமல் இருப்பார், அப்போது அழுத்துங்கள்.